அடாபிஸ்: கைக்கு எட்டியும் கண்ணுக்குத் தெரியாத உறவு

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் சாந்து செய்ய ஜிப்சம் வெட்டியபோது எலும்புகளும் சேர்ந்து வந்தன. அவை போய்ச் சேர்ந்தது ஜார்ஜ் கூவியேயிடம். ஒரு துண்டு எலும்பைக் கொண்டே விலங்கை அடையாளம் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர் அவர். அப்படி வந்த சிறு விலங்கு ஒன்றுக்கு 1821இல் அடாபிஸ் என்று பெயர் வைத்து, யானையும் பன்றியும் இருந்த தடித்தோல் விலங்குகளின் வரிசையில் சேர்த்தார்.

அது குரங்கினம். லெமூர்களுக்கு நெருங்கிய, சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுப் பழைய உயிர். முறைப்படி பெயர் பெற்ற முதல் குரங்கினப் புதைபடிவமும் அதுதான். ஆனால் மனிதனோ குரங்கோ பாறைக்குள் கிடைத்ததாக அன்று எவரிடமும் சான்றில்லை. இருக்காது என்றே கூவியேயும் நம்பினார். சிதைந்த தாடையில் அவர் வேறு எதைத் தேடியிருப்பார்? தென்மேற்கு பிரான்ஸின் கெர்சியில் உரத்துக்காகப் பாஸ்பேட் தோண்டியபோது நல்ல மண்டையோடு கிடைத்து, 1873 வாக்கில்தான் குட்டு வெளிப்பட்டது. கூவியே இறந்து நாற்பது ஆண்டு கடந்திருந்தது.

2009இல் தவறு மறுபக்கம் சாய்ந்தது. ஜெர்மனியின் மெசல் குழியில் 1983இல் கிடைத்த டார்வினியஸ் என்ற குரங்கினப் புதைபடிவத்தை, மனித வம்சத்தின் வேருக்கு அருகில் நிற்பதாக நியூயார்க்கில் மே மாதம் பெரும் விழா எடுத்து அறிவித்தார்கள். புத்தகமும் தொலைக்காட்சிப் படமும் முன்பே தயார். அக்டோபரில் எகிப்தில் கிடைத்த அஃப்ராடாபிஸ் என்ற புதைபடிவம் பற்றிய ஆய்வு வந்தது. அது டார்வினியஸை அடாபிஸின் கூட்டத்தில், லெமூர் பக்கம் கொண்டுபோய் வைத்தது.

இரண்டில் கூவியேயின் பிழையே எனக்கு மதிப்பாகப் படுகிறது. பார்த்ததை வரைந்து, அளந்து, எழுதி வைத்தார்; பின்னால் வந்தவர்கள் அதை வைத்தே அவரைத் திருத்தினார்கள். விழா எடுத்தவர்கள் தீர்ப்பை முதலில் விற்றுவிட்டு, சோதனையைப் பிறரிடம் விட்டார்கள்.

சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்து, ஆசிய விலங்குகள் ஐரோப்பாவுக்குள் புகுந்த காலத்தில் அடாபிஸ் அங்கே அழிந்தது. அதன் சுற்றத்தார் இன்னும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது நம் துணைக்கண்டத்தில். இமயத்தின் அடிவாரமான சிவாலிக் மலையில் கிடைக்கும் சிவலடாபிஸ், அடாபிஸுக்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தியது. இன்று உயிரோடிருப்பவற்றில் இக்கூட்டத்துக்கு நெருங்கியவை மடகாஸ்கரின் லெமூர்களும் நம் காடுகளின் தேவாங்கும் போன்றவைதான், மனிதன் அல்ல.