ஏடு படமெடுக்க எக்கமரா?

தீவக வீடுகளில் எஞ்சியிருக்கும் ஓலைச்சுவடிகளைப் படமெடுத்தற்கெனக் கல்லூரிக்கு ஒரு கமரா வழங்க நம் பழைய மாணவருள் ஒரு சாரார் முன்வந்துள்ளனர். நன்று. ஆயின் எக்கமரா என்பதிலே கருத்து வேற்றுமை மூண்டுள்ளது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவற்க; படத்திலுள்ள ஏட்டை வாசிக்க வேண்டியவன் அவனே.

போட்டியிடுவன இரண்டும் நிக்கோன் நிறுவனத்தன. 2017இல் வெளிவந்த டி850இன் ஒளியுணரி 35.9 மி.மீ. நீளமும் 23.9 மி.மீ. அகலமும் உடையது. 2016இல் வந்த டி500இன் உணரி 23.5 மி.மீ. நீளமும் 15.7 மி.மீ. அகலமுமே. பரப்பில் முன்னையது இருமடங்கிற்கும் மேல். பெரிய உணரி மிக்க ஒளியை ஏற்கும், ஆதலாற் படம் தெளியும் என்பர் அதன் பக்கத்தார். அந்தி மங்கலிலே மண்டைதீவுக் கரையை அடுத்து நின்று படமெடுப்பார்க்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். அங்குங்கூட, பூநாரை தொலைவில் நின்றால், ஒரே வில்லையில் அதன் உரு இரு உணரியிலும் ஒரே அளவாகவே விழும். பெரியதன் மிகுதிப் பரப்பு வானையும் நீரையுமே வாங்கும். ஏடோ பறந்துபோவதன்று. கமராவைத் தாங்கியில் நிறுத்தி, வேண்டிய நேரம் ஒளியை ஏற்கவிடலாம்.

நோக்கற்பாலது வேறொன்று. 40 செ.மீ. நீள ஏடு ஒன்றை முழுமையாக எடுத்தால், நீளவாட்டில் 8,256 படப்புள்ளிகளை உடைய டி850 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 21 புள்ளி தரும். 5,568 உடைய டி500 ஏறத்தாழ 14 தரும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஓருருவின. போதாக்குறைக்குப் பூச்சித் துளையும் எழுத்தாணிக் கீறலும் மயங்கும். ஆகவே இந்த 7 புள்ளி அற்பமன்று. ஆயினும், சிறிய கமராவால் அதே ஏட்டை இரு பாதியாக, நடுவிற் சிறிது மேற்படிய எடுப்பின், மில்லிமீற்றருக்கு 25 புள்ளி கிடைக்கும். ஏட்டைத் தொடவேண்டியதில்லை, அது கிடக்கும் பலகையை நகர்த்தினாற் போதும். உழைப்பு இரட்டிக்கும் என்பது மெய்யே. 200 ஏடுள்ள சுவடிக்கு, இருபுறமும் சேர, 400 படத்துக்குப் பதிலாக 800 படம். அதற்கு மாணவர் உளர்.

வெளிவந்த காலத்து அமெரிக்க விலை டி850க்கு 3,300 டொலர் அளவிலும், டி500க்கு 2,000 டொலர் அளவிலும் இருந்தது. அவ்விடைவெளிப் பணத்தை அண்மைநோக்கு வில்லைக்கும், உறுதியான தாங்கிக்கும், பக்கவாட்டிலிருந்து ஒளிவீசிக் கீறலின் பள்ளத்தை நிழலால் எடுத்துக்காட்டும் விளக்குகளுக்கும், படங்களை ஈரிடத்திற் காக்கும் வன்தட்டுகளுக்கும் செலவிடுக என்பதே எமது துணிபு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த சுவடிகளுட் பலவற்றுக்குப் படி இருந்ததில்லை. 1990 இடப்பெயர்வின்போது மண்டைதீவு மக்கள் விட்டுச்சென்ற வீடுகளிற் கிடந்த ஏடுகள் எத்தனை என எண்ணியவரும் இலர். இவ்வாண்டு மாரி தொடங்குமுன் சிறிய கமராவை வாங்கித் தருக. வைகாசியிற் பெரியதை வாங்குவதினும் அது மேல்.