சாவி யாரிடம்?

தில்லைநகரில் அடுத்த மாதம் திறக்கவிருக்கும் ஒரு மருத்துவமனையின் அழைப்பிதழ் திங்கட்கிழமை தபாலில் வந்தது. வழுவழுப்பான தாள். மடிப்பைப் பிரித்தால் மேசையே நிறைந்துவிடுகிறது. எத்தனை ஆபரேஷன் தியேட்டர், எத்தனை ஏசி அறை, என்ன ஸ்கேன், எந்த நாட்டு இயந்திரம் என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். ராம்ப் இருக்கிறதா, படிக்கட்டு எத்தனை என்று ஒரு வரி இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மாடிப்படிக் கவலை புதிதல்ல. கல்யாண மண்டபம், தியேட்டர், டியூஷன் சென்டர் என்று எங்கே போனாலும் படியைத்தான் முதலில் பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இருப்பவனுக்கு அது தானாக வந்துவிடும். 2004 ஜனவரி 23 காலையில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் மாப்பிள்ளையோடு சேர்த்து 57 பேர் போனார்கள். மாடியில் கீற்றுப் பந்தல், வீடியோ எடுக்க இழுத்த ஒயரில் மின்கசிவு, இறங்கக் குறுகலான படி. அடுத்த ஆறு மாதம் முடிவதற்குள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒரு கட்டடத்துக்குள் நுழையும்போது வெளியே வரும் வழியைத் தேடாமல் என்னால் உட்கார முடிந்ததில்லை.

மருத்துவமனை என்றால் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. மண்டபத்தில் இருப்பவர் ஓடலாம், குதிக்கலாம். காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருப்பவர் என்ன செய்வார்? அதனால்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மருத்துவமனைப் படிக்கட்டு 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. கட்டில் தள்ளும் ராம்ப் ஓரடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டடி நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கட்டிலைப் பிடிப்பவர் கையை மீறி அது ஓடிவிடும். தீப்பிடித்தால் நோயாளியை எடுத்த எடுப்பில் தெருவுக்கு இறக்குவது முதல் வேலை ஆகாது. ஒவ்வொரு தளத்தையும் தீ தாங்கும் கதவு போட்டு இரண்டு மூன்றாகப் பிரித்திருக்க வேண்டும். புகை வந்தால் கட்டிலோடு அடுத்த பகுதிக்குத் தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கீழே இறக்குவதெல்லாம் அதற்கப்புறம். உயிரை வாங்குவது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகை. அதற்கு இரண்டு மூன்று நிமிடமே போதும்.

2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில், திருச்சி ரோட்டில் உள்ள ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஒரு சிறுமி உள்பட ஆறு பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மூச்சடைத்துக் கிடந்தவர்களைத்தான் வெளியே தூக்கி வந்தார்கள். நேரம் இரவு ஒன்பது மணியைத் தாண்டி இருக்கும். அந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழைப் பற்றியே எழுதத்தான் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலை அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 78. தொடை எலும்பு முறிந்திருந்தது. காவிரிப் பாலம் தாண்டி வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாவது மாடி. இரவு துணைக்கு நான்.

இரண்டு மணி இருக்கும். அத்தைக்கு வெந்நீர் வேண்டியிருந்தது. ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு லிப்டுக்குப் போனால் அது கீழேயே நின்றுவிட்டிருந்தது. சரி, படியில் இறங்கலாம் என்று காரிடாரின் கோடிக்குப் போனேன். பச்சை எழுத்தில் அவசர வழிப் பலகை பளிச்சென்று எரிகிறது. அதன் கீழே இழுத்துச் சாத்திய கொலாப்சிபிள் கேட். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. கையால் பிடித்துப் பார்த்தேன். ஏசி காற்றில் சில்லென்று இருந்தது.

வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

“பத்து மணிக்கு மேல இது பூட்டிடுவோம் ஐயா. லிப்ட்ல போங்க.”

“சாவி யார்கிட்ட இருக்கு?”

“சூப்பர்வைசர்கிட்ட.”

“அவர் எங்கே?”

“வீட்டுக்குப் போயிட்டாரு. எடமலைப்பட்டி புதூர்.”

வாட்ச்மேனைக் குறை சொல்லி என்ன ஆகும்? போன மாதம் இரண்டு நோயாளிகளின் செல்போன் திருடு போயிருக்கிறது. திருடன் இந்தப் படி வழியாக வந்தான் என்று பூட்டச் சொன்னவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சொன்னதைச் செய்கிறார். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அந்தத் தளத்தில் பதினான்கு அறைகள். அறைக்கு ஒருவராவது எழுந்து நிற்க முடியாதவர். கதவுகளை எண்ணிக்கொண்டே திரும்பி வந்தேன்.

காலையில் பார்த்தால் கேட் விரியத் திறந்திருக்கிறது. தீயணைப்புத் துறையின் சான்றிதழ் ரிசப்ஷன் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. யார் எப்போது சோதனைக்கு வந்தாலும் வருவது பகலில். பகலில் இந்தக் கட்டடத்தில் குறை எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் தீ பகல் பார்த்து வருவதில்லை. கல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனை, 2011 டிசம்பர் 9. கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய சாமான்களைக் குவித்திருந்தார்கள். அங்கே பிடித்த தீயின் புகை ஏசிக் குழாய் வழியாக மேல்மாடிகளுக்கு ஏறியது. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அதிகாலை, விடிய வெகுநேரம் இருந்தது. பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் புகையைப் பார்த்து ஓடி வந்தபோது, காவலாளிகள் அவர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். மகாராஷ்டிரத்தின் பண்டாராவில் 2021 ஜனவரி 9 அன்று பத்துப் பச்சைக் குழந்தைகள் இறந்தது நள்ளிரவுக்குப் பின். ஜான்சியில் 2024 நவம்பர் 15 அன்று இன்னும் பத்துக் குழந்தைகள், இரவு பத்து மணிக்கு மேல். நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்தது விடியற்காலையில். ராஜ்கோட் மருத்துவமனைத் தீக்குப் பிறகு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோவிட் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தீப் பாதுகாப்புச் சோதனை நடத்தச் சொன்னது. நடத்தட்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரு முறை நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பூட்டைப் பார்த்த அந்த இரவு தூக்கம் வரவில்லை. பையில் திருமுக்கூடல் கல்வெட்டின் ஜெராக்ஸ் இருந்தது. ஆம், மறுபடியும் திருமுக்கூடல்தான். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். அந்த ஜெராக்ஸ் வீட்டில் என் படுக்கைக்குப் பக்கத்தில் பத்து வருஷமாக இருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

கோயிலோடு ஒரு வேதக் கல்லூரி, பிள்ளைகள் தங்க விடுதி, அவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக ஓர் ஆதுலர்சாலை. பெயர் வீரசோழன். கட்டில்கள் 15. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்குச் சல்லியக்கிரியை பண்ணுவான் என்று பெயர், அவருக்கு 30 கலம். மூலிகை பறித்து விறகு கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு ஆள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். நோயாளி ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் என்று கையிருப்பில் இருக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளையும் பெயர் சொல்லி வெட்டி வைத்திருக்கிறார்கள். மருந்துப் பட்டியலைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

அந்த இரவில் என் கண் வேறொரு வரியில் போய் நின்றது. ஆதுலர்சாலையில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரிய ஆண்டுக்கு 45 நாழி எண்ணெய், அதற்கு இரண்டேகால் காசு. பல தடவை வாசித்துக் கடந்த வரிதான். அத்தையின் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டேன். நாழிக்கு எட்டு ஆழாக்கு. நாற்பத்தைந்தை எட்டால் பெருக்கினால் 360. ஆண்டுக்கு முந்நூற்றறுபது நாள். இரவுக்குச் சரியாக ஓர் ஆழாக்கு எண்ணெய்.

யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். தோராயமாக எண்ணெய் என்று விட்டுவிடவில்லை. ஒரு விளக்கு, ஒரு முழு இரவு, அதற்கு எத்தனை எண்ணெய் என்று அளந்து, அதற்குக் காசு ஒதுக்கி, மறந்துவிடக்கூடாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார். பதினைந்து பேர் படுத்திருக்கும் இடத்தில் நடுநிசியில் ஒருவர் எழுந்தால் கண் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆயிரம் ஆண்டு ஆகப்போகிறது. அந்த மனிதரின் பெயர் கல்லில் இல்லை. அவரை எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊருக்கும் இந்தச் சொத்து உண்டு. போசள வீரராமநாதன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், ரங்கநாதர் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. பிறகு படையெடுப்பில் சிதைந்தது. 1493இல் கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார். இன்றும் தன்வந்திரி சன்னதியில் சேவிக்காமல் அத்தை வீடு திரும்பமாட்டார். செங்கல்லும் சுண்ணாம்பும் அழிந்தாலும் இன்னொருவர் வந்து எடுத்துக் கட்டியிருக்கிறார். தஞ்சையில் குந்தவை பிராட்டி தன் தந்தை பெயரில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை வைத்தார். நோயாளிக்கு இடம் கொடுப்பது இந்த மண்ணில் அவ்வளவு பழைய வழக்கம். அதனால்தான் அந்தப் பூட்டு என்னை இவ்வளவு சுடுகிறது.

புதன்கிழமை நிர்வாகியைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன், எழுதியும் கொடுத்தேன்: அந்தப் பூட்டின் சாவி ஒன்று இரவு சிஸ்டரின் மேசையில் இருக்க வேண்டும். பார்க்கிறோம் என்றார்.

வியாழன் இரவு சிஸ்டரின் மேசையில், டார்ச் லைட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டர் ஒட்டி ‘படி’ என்று எழுதிய ஒரு சாவி இருந்தது. சிஸ்டர் துறையூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். “வந்துடுச்சு சார்” என்று அவரே எடுத்துக் காட்டினார். மணி பதினொன்றரை. போட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். அவரும் வந்தார், வாட்ச்மேனும் எழுந்து வந்தார்.

பூட்டு திறந்தது. கேட்டை இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது. திருப்பத்தில் பழைய சலைன் ஸ்டாண்டுகள், மடக்கிய ஒரு கட்டில், குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டிகள். பெட்டிகள் பத்தொன்பது. வாட்ச்மேன் தோளில் தூக்கினார், நான் கையில் எடுத்தேன், சிஸ்டர் ஸ்டாண்டுகளை உருட்டினார். இடையில் மணியடித்து அவர் இரண்டு முறை ஓடினார். எல்லாவற்றையும் கீழே ஸ்டோர் ரூம் வாசலில் அடுக்கியபோது ஒன்றேகால்.

இந்த வேலை முழுக்க என் செல்போன் வெளிச்சத்தில். படிக்கட்டில் ஸ்விட்ச் இருந்தது, போட்டால் எரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் ஹோல்டர் மட்டும் தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பெரியகடை வீதியில் ஒன்பது வாட் பல்பு ஒன்று வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி அவர் மாட்டினார். அன்று இரவு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.