டோலியில் போனவருக்குக் கல்லறை. தூக்கிப் போனவனுக்கு என்ன?

கொடைக்கானலில் நெபோ குன்றுப் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் தங்கள் குடும்பத்தாரை அடக்கம் செய்த இடம். கொரோனா காலத்தில், ஊரே அடைத்துக் கிடந்தபோது, தொண்டர்கள் சிலர் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கூலி கேட்கவில்லை, விளம்பரம் தேடவில்லை. நல்ல காரியம் செய்தார்கள்.

ஆனால் இப்படி ஒரு காரியம் நடந்தால் உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. "வெள்ளைக்காரன் புதைகுழிக்கு நம் ஜனங்கள் ஏன் சேவகம் செய்ய வேண்டும்?" என்பது ஒன்று. "பார்த்தீர்களா, நல்ல மனசுள்ள நாலு பேர் இருந்தால் போதும்; சர்க்கார் எதற்கு, சங்கம் எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்கிறோம் நாம்.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். 1834-ல் மதுரைக்கு வந்த அந்த மிஷன்காரர்களைக் காலராவும் காய்ச்சலும் ஒருவர் பின் ஒருவராக வாரிக்கொண்டு போயின. குழந்தைகளும் தப்பவில்லை. குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள்; அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் 1845-ல் கொடைக்கானலில் ஸன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரில் வெள்ளை என்றும் கறுப்பு என்றும் உண்டா? செத்தவர் மேல் வன்மம் பாராட்டுவது தொழிலாளி வர்க்கத்தின் குணமல்ல. அந்தக் கல்லறைகள் இருக்கட்டும். நன்றாகவே இருக்கட்டும்.

நாம் கேட்பது வேறு கேள்வி. அவர்கள் மலைக்கு எப்படிப் போனார்கள்?

அன்று வண்டிச் சாலை ஏது? பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான காட்டுப் பாதைதான். துரைமார் குதிரையில் போனார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் போனார்கள். பெட்டியும் படுக்கையும் கூலியாட்களின் தலையில் போயின. 1878-ல் மேஜர் லா மேற்பார்வையில் மலைச்சாலை வேலை தொடங்கியது. அதில் மோட்டார் ஏறுவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலமும் சுமந்தது யாருடைய தோள்? பாறை உடைத்தது யாருடைய கை?

காலரா கூலிக்காரனை மட்டும் விட்டுவைத்ததா? அவனும் செத்தான், அவன் குழந்தையும் செத்தது. துரை தப்பித்துப் போக மலை இருந்தது. துரையை மலையில் இறக்கிவிட்டுக் கூலிக்காரன் திரும்பி வந்தது அதே காலராவுக்குத்தான். அவனுக்குக் கல் எங்கே? அந்தக் கல்லில் பெயர் எங்கே?

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். தொண்டு இருந்தால் போதுமாம்!

2020 ஏப்ரல் 19 இரவை மறந்துவிட்டார்களா? கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தது. கடைசியில் அவருடைய சக டாக்டர் ஒருவரும் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் இருவரும் வேலங்காட்டில் தாங்களே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். அதன் பிறகுதான் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. தமுமுக போன்ற அமைப்புகளின் இளைஞர்கள் ஜாதி, மதம் பாராமல் ஆயிரக்கணக்கான உடல்களை அடக்கம் செய்தார்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால் தொண்டர் தோள் கொடுக்க வேண்டிவந்த ஒவ்வொரு இடமும் சர்க்கார் கைவிட்ட இடம் அல்லவா? 2021 மே மாதம் பீகாரில் பக்ஸார் மாவட்டத்துச் சௌஸாவில் கங்கைக் கரையிலிருந்து 71 பிணங்களை எடுத்தார்களே, அது எதைக் காட்டுகிறது?

பணக்கார நாட்டிலும் இதே கதிதான். நியூயார்க்கில் ஹார்ட் தீவு என்று ஒன்று. 1869 முதல் நாதியற்றவர்களைப் புதைத்துவரும் இடம். பத்து லட்சம் பேருக்கு மேல் அங்கே மண்ணில் கிடக்கிறார்கள். குழி வெட்டியவர்கள் சிறைக் கைதிகள். 2020 ஏப்ரலில் பிணம் பெருகியபோது ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். ஏழைக்கு ஏழைதான் குழி வெட்ட வேண்டும். இது முதலாளித்துவத்தின் சட்டம்!

நம் ஊரில் குழி வெட்டுகிறவன் யார்? "வெட்டியான்" என்று ஊர் கூப்பிடுகிறதே, அவன். அப்பன் செய்தான், மகனும் செய்ய வேண்டும் என்று ஜாதி விதித்த வேலை. அவன் செத்தால் அவனைத் தூக்கிப்போகப் பாதை உண்டா? 2019 ஆகஸ்டில், அப்போதைய வேலூர் மாவட்டத்தில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் என்ன நடந்தது? ஆதிக்க ஜாதி நில உடைமையாளர்கள் பாதையில் வேலி போட்டு மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படம் வெளிவந்ததும் ஐகோர்ட் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. அப்போது கொரோனா இல்லை. ஜாதி இருந்தது.

தொண்டர்கள் கல்லறையில் முளைத்த புதரை வெட்டலாம். மிராசுதார் போட்ட வேலியை வெட்ட முடியுமா? அதற்குச் சங்கம் வேண்டும்.

தோழர்களே! நெபோ குன்றின் கல்லறைகளைக் காக்கும் கைகளை நாம் பாராட்டுகிறோம். அதோடு நிற்க மாட்டோம். ஒவ்வொரு சேரிக்கும் மயானப் பாதை வேண்டும். அது சர்க்கார் கணக்கில் பதிவாக வேண்டும். மயானத்தில் தண்ணீரும் விளக்கும் கூரையும் வேண்டும். குழி வெட்டுகிறவனுக்கும் பிணம் எரிக்கிறவனுக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், கையுறை, வைத்தியம் வேண்டும். இது தானமல்ல, உரிமை.

மே 1-ஆம் தேதி கிராம சபை கூடும். அன்று கொடியேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊர் மயானப் பாதையை யார் மறித்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.

மலையைச் சுமந்த கூலிக்காரனுக்கு நாம் நடும் கல் அதுவே!