களஞ்சியத்தின் திறவுகோல் எவர் கையில்?

விதைநெல்லைத் தன் குதிரில் வைத்திருப்பவன் உழவன். பிறன் வாயிலில் நின்று நாள்தோறும் படிநெல் வாங்குபவன் இரவலன். இவ்வுண்மை நிலத்துக்கு மட்டுமன்று, கணினிக்கும் பொருந்தும்.

கட்டற்ற மென்பொருளின் பெருமை, அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பதே என்பர். அது பாதி உண்மை. அம்மென்பொருள் நம் கணினிக்கு எவ்வழியே வருகின்றது, அவ்வழியைக் காப்பவர் யாவர் என்பது மறுபாதி.

1993இல் இயான் முர்டாக் தொடங்கிய தெபியன் இயங்குதளம் இம்மறுபாதியையும் பொதுவாக்கிற்று. அங்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படும். தான் இயங்குதற்கு வேறெப்பொதிகள் வேண்டும் என்பதை அப்பொதியே சொல்லும். ஆப்ட் என்னும் கருவி அவற்றைக் களஞ்சியத்தினின்று கொணர்ந்து, களஞ்சியப் பட்டியலின் கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவும். அக்களஞ்சியத்தின் படியை எந்நாட்டவரும் தம்மிடத்தே வைத்துப் பிறர்க்கு வழங்கலாம். எக்களஞ்சியத்தை நம்புவது என்பதையோ, பயனர் தம் கையாலேயே ஒரு சிறு கோப்பில் எழுதலாம், அழிக்கலாம்.

தெபியன் வழிவந்த உபுண்டு இந்நெறியினின்று விலகிற்று. 2020இல் வெளிவந்த அதன் 20.04ஆம் பதிப்பில், குரோமியம் உலாவியை ஆப்ட் வழியாகக் கேட்டோர்க்கு வந்தது பெயரளவிலான ஒரு வெற்றுப்பொதி. அது, சுனாப் என்னும் வேறு வடிவிலான குரோமியத்தைக் கெனானிக்கல் நிறுவனத்தின் கடையினின்று இறக்கிற்று. சுனாப் கருவியின் நிரல் திறந்தது. கடையை இயக்கும் நிரலோ மூடியது. கருவி நாடும் கடையும் அஃதொன்றே.

பதிப்புதோறும் தனித்தனியே பொதி கட்டுவது பெருஞ்சுமை. சுனாப்பாக ஒருமுறை கட்டினால் எல்லாப் பதிப்புகட்கும் உதவும் என்கின்றனர். சுமை மெய்யே, மறுத்தோமில்லை. ஆயின், சுமையைக் குறைக்கக் கதவை ஏன் பூட்டுதல் வேண்டும்? ஒரே பொதி எல்லார்க்கும் உதவட்டும்; அதனை வைக்கும் களஞ்சியத்தைப் பிறரும் அமைத்துக்கொள்ள ஏன் இடமில்லை? இவ்வினாவிற்குச் சுமை விடையாகாது.

அவ்வாண்டே இலினக்சு மிண்டு எதிர்த்து நின்றது. தன் 20ஆம் பதிப்பில், பயனர் அறியாவண்ணம் சுனாப் நுழையாதவாறு ஆப்ட் கருவியில் தடையிட்டது. வேண்டுவோர் அத்தடையை நீக்கிக்கொள்ளும் முறையையும் வெளிப்படையாய் எழுதி வைத்தது. பின்னர்க் குரோமியத்தைத் தானே பொதியாகக் கட்டியும் வழங்கிற்று. தடையிட்ட காலத்தும் திறவுகோலைப் பயனர் கையிலேயே விட்ட பண்பு போற்றத்தக்கது.

விலையின்றிக் கிடைக்கின்றதே, களஞ்சியம் எவருடையதாயின் என்ன என்று வாளாவிருப்போரே! விலையின்மை வேறு, விடுதலை வேறு. நிறுவும் கட்டளையை இடுமுன், பொதி எக்களஞ்சியத்தினின்று வருகின்றதென ஒருமுறை நோக்குங்கள். கணினி கற்பிக்கும் ஆசிரியர்களே, மாணவர்க்கு இதனை முதற்பாடமாக்குங்கள். திறவுகோலைப் பிறனிடம் ஒப்படைத்துவிட்டு, 'வீடு எனது' என்று மகிழ்வது பேதைமை!