முழம் போட்டு விற்கும் பிள்ளைக்கா கணக்கு வராது?

சுகதேவ் தோரட் ஆணையம் கர்நாடகத்தின் கல்விக் கொள்கை அறிக்கையை 2025 ஆகஸ்டில் முதல்வர் சித்தராமையாவிடம் கொடுத்தது. அன்று தொடங்கிய சண்டை, ஐந்தாம் வகுப்பு வரை பயிற்றுமொழி எது என்பதிலேயே நிற்கிறது. ‘கன்னடம் அல்லது தாய்மொழி’ என்கிறது பரிந்துரை. அந்த ‘அல்லது’க்குப் பின்னால் நிற்கும் பிள்ளையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அந்தப் பிள்ளையை பெங்களூரு விவேக் நகரில் பார்க்கலாம். வியாழக்கிழமை குழந்தை இயேசு ஆலயத்துக்கு வெளியே அம்மாவோடு பூ விற்கிறாள். முழம் 40 ரூபாய். மூன்றரை முழம் வாங்கியவர் 200 ரூபாய் நீட்டுகிறார். “இந்தாங்கக்கா, அறுபது” என்று மீதியைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறாள். பக்கத்தில் கிடந்த நோட்டில் 3.5 × 40 என்ற கணக்குக்குக் குறுக்கே சிவப்பு மை. இது யாருடைய தோல்வி?

1985இல் வெளியான பிரேசில் ஆய்வை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ரெசிஃபே நகரத் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் கடையிலேயே கணக்கு கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. பிரேசில் தூரம் என்பவர்களுக்கு நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு ஆராய்ந்தது. 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவும் இதுவே: சந்தையில் மளமளவென்று கணக்குப் போடும் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். நடுவே பாலம் கட்ட ஆளில்லை.

தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க முடியாது என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தனியார் பள்ளி நிர்வாகிகள் கேடயமாகத் தூக்குகிறார்கள். அவர்கள் காப்பது பெற்றோரின் உரிமையை அல்ல, கட்டண ரசீதை. மண்ணின் மொழி என்று முழங்குவோருக்கும் கேள்வி உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலம் முயல வேண்டும் என்கிற 350ஏ பிரிவு 1956 முதல் அரசமைப்பில் இருக்கிறது. அதைச் செய்ததா அரசு? நம் தமிழ் அமைப்புகளும் சிலைக்கு மாலை போடுவதோடு நின்றுவிடுகின்றன. 2009இல் அல்சூரில் வள்ளுவர் சிலை திறந்தபோது திரண்ட கூட்டத்தில் பாதி, தமிழ் வகுப்புகள் மூடப்படும்போது வந்திருந்தால் போதும்.

பாடத்தைக் கன்னடத்தில் நடத்தினாலும் தமிழில் நடத்தினாலும், பிள்ளையின் வீடு வகுப்புக்குள் வராவிட்டால் அது அந்நியப் பாடம்தான். அமெரிக்காவின் டூசான் நகரில் ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினரோடு சேர்ந்து ஆசிரியர்கள் மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் வீடுகளுக்கே போனார்கள். அங்கே கண்ட தொழிலையும் அறிவையும் பாடமாக்கினார்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், கணினி வேண்டாம்.

அரசு ஒரே ஓர் ஆணை போடட்டும்: ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவரின் வீட்டு வாசலையும் ஆசிரியர் மிதிக்க வேண்டும். அந்த நேரத்துக்காக அவரை மற்ற வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும். மூன்றே ஆண்டுகளில் கணக்குப் பயம் இந்த நகரத்தை விட்டு ஓடும். விவேக் நகர் ஆசிரியர்களே, ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற வியாழக்கிழமை ஆலய வாசலுக்கு வாருங்கள். உங்கள் மாணவி அங்கே முழம் போட்டுக்கொண்டிருப்பாள்.