யார் கையில் கம்பு?

குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர்வரை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கீழப்பாவூர்க் குளக்கரையில் நம் பையன்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கராத்தேயா, சிலம்பமா, பாக்சிங்கா? எது பெருசு?

‘கராத்தே எல்லாம் சமதரையிலதாம்ல செல்லும். வயக்காட்டுச் சேத்துல காலத் தூக்குனா நீதான் விழுவ’ என்றான் ஒருத்தன். ‘கம்பு நாலு பேரைத் தள்ளி நிறுத்தும். வெறுங்கை என்னல செய்யும்?’ என்றான் இன்னொருத்தன். ‘பஸ்ஸுக்குள்ள கம்பு சுத்துவியால? அங்க குத்துவரிசைதான்’ என்றான் மூன்றாமவன். வங்கியில் நாள்முழுக்க அடுத்தவன் பணத்தை எண்ணிவிட்டு வந்த என்னிடம் பஞ்சாயத்து வந்தது. ‘அண்ணே, நீங்க சொல்லுங்க.’

‘வெட்ட வாரவன் நீ என்ன வித்தை படிச்சிருக்கேன்னு கேட்டுட்டா வாரான்?’ என்றேன். சிரித்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் எல்லாருக்கும் ஒரே ஊர்தான் ஞாபகம் வந்திருக்கும்.

நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு தலித் பையன். கூடப் படிக்கிற சாதி இந்துப் பையன்களின் தொல்லையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னான். அன்று ராத்திரி அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. எந்தச் சுவடு வைத்து, எந்த அடவு போட்டு அந்தப் பிள்ளைகள் தடுத்திருக்க வேண்டும்? சொல்லுங்கள் வித்தைக்காரர்களே!

ஆக, கம்பு வேண்டாம் என்கிறேனா? இல்லை. கம்பு வேண்டும். எதற்காக வேண்டும், எதற்காக வேண்டாம் என்பதுதான் பேச்சு.

*

என் தாத்தா பறையடித்தவர். ஊர்க் கோயில் கொடையில் சிலம்பம் இறங்கினால் அவர் அடிதான் ஆட்டக்காரனுக்குக் கால். அடி தணிந்தால் கால் தணியும். அடி இறுகினால் கம்பு பறக்கும். சிலம்பம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கம்பு கையில் இருந்தாலும் சண்டை காலில்தான் இருக்கிறது. முதல் பாடமே காலடிதான். அந்தக் கால் எங்கே மாறும், வீச்சு எங்கே திரும்பும் என்பது தெரியாமல் ஒருத்தன் அடி கொடுக்க முடியாது. தாத்தாவுக்கு எல்லாம் அத்துப்படி.

முப்பது வருசம் அடித்தார். ஒரு தடவைகூட அந்தக் களத்தில் அவரைக் கம்பு பிடிக்க விட்டதில்லை. பிடித்தவனுக்கு மாலை, துண்டு, வாத்தியார் என்ற பட்டம். தாத்தாவுக்கு ஒதுங்கி நின்று வாங்குகிற சில்லறை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆடு மேய்க்கிற கம்பை வைத்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

கதவைச் சாத்திக்கொண்டு. இதுதான் நம் சிலம்ப வரலாறு.

இன்றைக்குச் சிலம்பத்துக்கு நல்ல காலம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. ஆடட்டும், சந்தோசம். ஆனால் மேடையில் ‘தமிழனின் வீரக்கலை’ என்று முழங்குகிறவர்களிடம் ஒரே கேள்வி: எந்தத் தமிழனின்? பறை எங்கே? அடி கொடுத்தவன் எங்கே?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரேசிலில் அடிமைகளாக இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பாட்டும் தாளமுமாகச் சேர்த்து வளர்த்த சண்டைக்கலை கப்போயிரா. அங்கே அடிமைமுறை 1888இல் ஒழிந்தது. இரண்டே வருசம். 1890இல் வந்த குற்றவியல் சட்டம் கப்போயிராவைக் குற்றமாக்கியது. விலங்கைக் கழற்றிவிட்டு, கையைக் காலை வீசாதே என்றது. அதே கப்போயிரா 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் ஏறியது. ஆடியபோது குற்றம், ஆடியவனின் கோபம் வடிந்தபிறகு பெருமை!

*

எங்கள் ஊரில் நரசிம்மர் கோயில் இருக்கிறது. அவருக்குப் பதினாறு கை. கடவுளுக்குப் பதினாறு கை தந்த தர்மம் நமக்கு இருக்கிற இரண்டையும் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னது. இந்த நாட்டில் ஏன் சமூகப் புரட்சி வரவில்லை என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் கேட்கிறார். அவர் சொல்கிற பதில் எளிமையானது: நால்வருணம் கீழே இருக்கிறவனிடமிருந்து ஆயுதத்தையும் படிப்பையும் சேர்த்தே பறித்தது. இரண்டையும் சேர்த்தே. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வீரம் என்பது பிறப்பில் வருவது என்று சொல்கிறவனிடம் மகர்களின் கதையைச் சொல்லுங்கள். 1818 சனவரி 1இல் கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். அதே நூற்றாண்டு முடிவதற்குள் வெள்ளைக்காரன் ‘போர்ச் சாதி’ என்று ஒரு கணக்கைக் கண்டுபிடித்து, மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். 1941இல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மகர் படைப்பிரிவு பிறந்தது. ரத்தம் அதே ரத்தம்தான். வீரம் என்பது கச்சேரியில் கொடுக்கிற சர்ட்டிபிகேட்டாக இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் படையில் நின்று மடிந்தவர் என்று மக்கள் நினைவில் வாழ்கிற தேவேந்திரர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம் வந்தது. அரசு என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் உருவிவிட்டது. நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது. தளபதியின் பெயரைச் சகிக்க முடியாமல் ராசாவின் பெயரையும் சேர்த்து இறக்கினார்கள்!

*

இதற்குப் பதிலாக நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? ‘நாங்களும் ஆண்ட பரம்பரை’ என்று ஃபிளெக்ஸ் கட்டுகிறோம். கையில் வாள், பின்னால் சிங்கம், மீசை முறுக்கு. இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும். ஆண்ட பரம்பரை என்று ஒருவன் சொல்லும்போதே ஆளப்பட்ட பரம்பரை ஒன்றைத் தேடுகிறான். அது யார்? ஊர்க்காரனா? அவனை ஆள உன்னால் முடியாது. அப்புறம் யார்? உன் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிற அருந்ததியன்தானே?

சுந்தரலிங்கம் ஒரு தெருவுக்கு, ஒண்டிவீரன் இன்னொரு தெருவுக்கு என்று பாகம் பிரித்துவிட்டோம். நெற்கட்டும்செவல் நமக்கு அசலூரா? நீங்கள் கம்பு சுற்றுகிற களத்தில் அருந்ததியர் பையன் ஒருத்தன் நிற்கிறானா? நம் வீட்டுப் பொம்பளைப் பிள்ளை நிற்கிறாளா? இல்லையென்றால் அந்தக் களமும் தாத்தாவை வெளியே நிறுத்திய களமும் ஒன்றுதான். மாலை போட்டுக்கொள்கிற கழுத்து மட்டும்தான் மாறியிருக்கிறது.

இன்னொரு கூட்டம் உண்டு. நல்லவர்கள், படித்தவர்கள். என்னோடு கவிதை எழுதுகிற ஒரு நண்பர் சொன்னார்: ‘கம்பு எதுக்குத் தோழர், பிள்ளைங்க கையில பேனாவக் குடுங்க.’ கொடுத்தோமே! நாங்குநேரிப் பையன் கையில் என்ன இருந்தது? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பதினொன்றாம் வகுப்புப் பையன் பரீட்சை எழுதத்தான் பஸ்ஸில் போனான். பஸ்ஸை மறித்து, பேனா பிடிக்கிற கைகளில்தான் வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடியில் எதிரணியைத் தோற்கடித்ததே குற்றம் என்று அந்தக் குடும்பம் சொன்னது. விளையாடு என்றார்கள், விளையாடினான். படி என்றார்கள், படித்தான். படிப்பையும் ஆயுதத்தையும் சேர்த்துப் பறித்தவனிடம் ஒன்றை மட்டும் திருப்பி வாங்கினால் போதுமா?

அரசாங்கம் தன் பங்குக்குப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி நடத்துகிறது. இருட்டில் வழிமறிக்கிற முகம் தெரியாத ரவுடியை உதறச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தெரிந்த முகமாக இருந்தால்? பாளையங்கோட்டையில் 2025 சூலை 27, பட்டப்பகலில் ஒரு தலித் பொறியாளன் வெட்டிக் கொல்லப்பட்டான். காதல்தான் காரணம். கைதானவன் அந்தப் பெண்ணின் தம்பி. தாய் தகப்பன் இருவரும் காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள். இந்தச் சாதியின் பெயரைச் சொல்லாத தற்காப்புப் பாடம் என்ன பாடம்?

‘உன்னை நீயே காப்பாற்றிக்கொள்’ என்று அரசு சொல்லும்போது உசாராக இருங்கள் தோழர்களே. காப்பாற்றுவது அதன் வேலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அதன் விதிகள் 1995. மூன்றாவது விதியைப் படித்திருக்கிறீர்களா? வன்கொடுமை நடக்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே அடையாளம் காணச் சொல்கிறது. அங்கே தலித் அல்லாதாரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம், கள்ள ஆயுதங்களைப் பறிமுதல் செய்யலாம், தேவைப்பட்டால் தலித்துகளுக்கு ஆயுத உரிமம் தரலாம் என்கிறது. உரிமம் வாங்கித் துப்பாக்கியோடு திரியச் சொல்லவில்லை நான். பேனாவைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிற அதிகாரிகள் இந்த விதியை என்றைக்காவது வாசித்தார்களா என்று கேட்கச் சொல்கிறேன். அரிவாளை முதலில் பிடுங்கு. பிறகு எனக்கு உபதேசம் பண்ணு.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக்கயிறு கூடாது என்றது மட்டும் எல்லாருக்கும் தெரியும். எல்லாச் சாதி மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்றைச் சீருடையோடும் பயிற்சியோடும் அமைக்கவும் அது பரிந்துரைத்தது. அந்தப் படை எங்கே என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் போய்க் கேளுங்கள்.

*

அப்புறம் எதற்குக் கம்பு? கம்பு நாலு அரிவாளை ஜெயிக்கும் என்பதற்காக இல்லை. அனுபவப்பட்ட எந்த வாத்தியாரும் சொல்வார், வெட்ட வருகிறவனிடம் முதல் வித்தை ஓட்டம். ஓடுவது கேவலம் என்பது மீசைக்காரன் கட்டிவிட்ட கதை.

கம்பு எதற்கென்றால், முதுகுக்கு. கும்பிட்டுக் கும்பிட்டு வளைந்த முதுகு காலடிப் பாடத்தில்தான் நிமிர்கிறது. நேராகப் பார், மூச்சை விடாதே, எதிராளியின் கண்ணைப் பார் என்று வாத்தியார் சொல்கிறாரே, நம் பாட்டன்மாருக்கு மறுக்கப்பட்டது அதுதான்: கண்ணைப் பார்ப்பது.

அடுத்தது ஒழுங்கு. 1927 மார்ச் 20, மகாடு. குளத்தில் தண்ணீர் குடித்துத் திரும்பிய நம் மக்களைச் சாதி இந்துக்கள் தடியோடு தாக்கினார்கள். வந்திருந்தவர்களில் பட்டாளத்து ஆட்கள் பலர் இருந்தார்கள். ஒரு சொல் போதும், மகாடு ரத்தக்காடாகியிருக்கும். அம்பேத்கர் தடுத்தார். வழக்குப் போட வைத்தார், தாக்கியவர்களில் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். திருப்பி அடிக்கத் தெரிந்தவன் கையை அடக்குவதும், அடிக்கவே தெரியாதவன் கையைக் கட்டுவதும் ஒன்றல்ல. அதே காலத்தில் உருவான சமதா சைனிக் தளம் சீருடை போட்டுக் கூட்டங்களுக்குக் காவல் நின்றது. 1990களில் நம் சுவர்களில் எழுதிய ‘திருப்பி அடி’ என்பதற்கும் நான் இப்படித்தான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன். அடங்க மறுக்கிறவன் தன் கையைத் தான் ஆளத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

கடைசியாக, சட்டம். தற்காப்புக்காகத் தடுத்து அடிக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 சூலை 1 முதல் நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆனால் நாம் தடுத்தால் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று பேப்பரில் வரும், நம் பேரிலும் ஒரு வழக்கு விழும். அதனால் கம்போடு சேர்த்து எஃப்.ஐ.ஆர். எழுதவைக்கவும் படியுங்கள். ஸ்டேசனுக்குத் தனியாகப் போகாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் எந்த பஸ்ஸில், யார் யாரோடு போகிறார்கள் என்பதைத் தெருவே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பீடி சுற்றி முடித்து இருட்டில் திரும்புகிற நம் அக்காமார் நாலு பேராகத் திரும்ப வேண்டும். தற்காப்பு என்பது ஒரு உடம்பின் வித்தை இல்லை. தெருவின் வேலை.

குளக்கரைப் பையன்களுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். கராத்தே தெரிந்தவன் கராத்தே சொல்லிக்கொடுக்கட்டும், கம்பு தெரிந்தவன் கம்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம், குளக்கரையில், திறந்த வெளியில். முதல் ஒரு மணி நேரம் காலடி, அடுத்த அரைமணி சட்டம். பக்கத்துத் தெருவுக்கும் சொல்லியாயிற்று. தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பறை வைத்திருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள். இந்தத் தடவை அடிக்கிறவனும் கம்பு பிடிப்பான்.