தராசு யார் கையில்?

1952-ம் ஆண்டு ஜூன் மாதம். முதல்-மந்திரி ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். தஞ்சை விவசாயிக்கு மகிழ்ச்சி. நெல்லை விரும்பியவருக்கு விற்கலாம்!

விற்கலாம், சரி. அளப்பது யார்? வியாபாரி கொண்டுவந்த மரக்கால்தானே! தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு. குவித்து அளந்தால் வேறு கணக்கு. கலத்துக்கு 12 மரக்கால். மரக்காலுக்கு ஒரு பிடி கூடினால், கலத்துக்கு 12 பிடி நெல் போயிற்று.

சந்தையைத் திறந்தால் மட்டும் போதாது. அளவைக்கும் காவல் வேண்டும். 1959-ல் சென்னை ராஜ்யத்தின் விளைபொருள் சந்தைச் சட்டம் வந்தது. வியாபாரிக்கு லைசென்ஸ்; எடை போடுபவருக்கும் லைசென்ஸ்.

2020-ல் மத்திய அரசு, சந்தைக்கு வெளியே நெல் வாங்க லைசென்ஸ் வேண்டாம், பான் கார்டு போதும் என்றது. விவசாயிகள் போராடினார்கள். 2021-ல் சட்டம் வாபஸ்.

நாளை மீண்டும் கதவைத் திறக்கலாம். திறக்கட்டும். களத்து மேட்டில் தராசைச் சோதிக்கும் அதிகாரி முதலில் வரட்டும்.